கொக்கை விரட்டினால் மூளைக்காய்ச்சல் போய்விடுமா?

செவல்பேத்தி:
சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்கள் ஊர். நான் சென்னையில் இருக்கிறேன். அண்ணன் மகனுக்கு எட்டு வயது. காய்ச்சல், தலைவலி, வாந்தி என்று தொடங்கியது. ஊரில் ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் நாள் இரவு கையும் வாயும் ஒருபக்கமாக இழுத்து வலிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அம்மாவை அடையாளம் தெரியவில்லை. இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறான். முதுகுத்தண்டு நீரைப் பரிசோதித்து ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறார்கள்.

குழந்தைக்கு டாக்டர்கள் இருக்கிறார்கள். நான் கேட்க வந்தது ஊர்க்கதை. குளத்தங்கரை மருதமரத்தில் கொக்கும் மடையானும் வக்காவும் நூற்றுக்கணக்கில் அடைகின்றன. அவற்றால்தான் நோய் வந்தது, வெடி போட்டு விரட்ட வேண்டும், மரத்தையே வெட்டிவிட வேண்டும் என்று ஊர்க் குழுவில் இரண்டு நாளாக ஒரே சத்தம். போதாதற்கு, அண்ணன் மகளைச் சில நாள் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லைச்சீமை:
கேட்கவே வருத்தமாக இருக்கிறது அக்கா. பையன் நல்லபடியாகத் திரும்பி வருவான். ஆனால் ஊர்க்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே. பறவையிடமிருந்துதான் இந்தக் கிருமி வருகிறது என்று செய்தித்தாளிலேயே படித்திருக்கிறேன். மரத்தை வெட்டுவது பாவம்தான், ஆனால் பிள்ளை முக்கியமா, கொக்கு முக்கியமா? வீட்டைச் சுற்றிச் சிரட்டை, டயர், ஆட்டுக்கல் என்று தண்ணீர் தேங்கும் எதையும் விட்டுவைக்க வேண்டாம். எல்லோருக்கும் நிலவேம்புக் குடிநீர் கொடுங்கள். பஞ்சாயத்தில் சொல்லிப் புகை அடிக்கச் சொல்லுங்கள்.

வெள்ளைக்கோட்டு:
குழந்தை மருத்துவர் என்ற முறையில் சொல்கிறேன். அந்தச் சிறுமியைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதற்கு எந்தக் காரணமும் இல்லை. இது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது. தொட்டாலும் ஒட்டாது, இருமினாலும் பரவாது. அந்தப் பையனைக் கடித்த கொசுகூட இன்னொருவருக்கு நோயைக் கொண்டுபோக முடியாது. மனித ரத்தத்தில் இந்த வைரஸ் அந்த அளவுக்குப் பெருகுவதில்லை. நம் உடம்புக்குள் வந்தால் அதற்கு முட்டுச்சந்து. குதிரைக்கும் அப்படியே. பள்ளியில் சந்தேகம் இருந்தால் வட்டார மருத்துவ அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

பையனுக்கு வேறு ஏதாவது கேட்க வேண்டுமானால் கேளுங்கள், பதில் சொல்கிறேன்.

கூத்தாடிப்புழு:
சுகாதாரத் துறையில் பூச்சியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பாதி உத்தியோக காலம் மாட்டுத்தொழுவத்தில்தான் கழிந்தது. பொழுது சாய்ந்ததும் ஒரு கையில் டார்ச், வாயில் உறிஞ்சு குழாய். மாட்டின் வயிற்றிலும் தொழுவத்து மூங்கிலிலும் உட்கார்ந்திருக்கும் கொசுக்களை ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்துக் கணக்கெடுப்போம். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெல்லைச்சீமை தம்பி சொன்ன சிரட்டை, டயர் எல்லாம் டெங்குவுக்கு. அது ஏடிஸ் கொசு. காலில் கருப்பு வெள்ளைப் பட்டை இருக்கும், வீட்டுக்குள் வாழும், பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் முட்டையிடும். இங்கே பேச்சு கியூலெக்ஸ் டிரைடீனியோரிங்கஸ் என்ற கொசுவைப் பற்றியது. அதற்கு வயல்தான் வீடு. ஆள் சிறியது, நிறம் செம்பழுப்பு. லென்ஸை வைத்துப் பார்த்தால் மூக்குக்குழலின் நடுவில் ஒரு வெள்ளை வளையம் தெரியும். பொழுது சாயும்போது வெளியே வரும். மாட்டு ரத்தம்தான் அதற்குப் பிடித்த சாப்பாடு. மாடு, பன்றி, பறவை, மனிதன் என்று வருகிற வழியில் கிடைப்பதையும் விடாது. குடித்து முடித்ததும் வீட்டுச் சுவரில் உட்காராமல் செடிகொடிக்குப் போய்விடும். ஆகவே வீட்டுச் சுவரில் மருந்து அடித்துப் பெரிய பயன் இல்லை. தெருவில் அடிக்கும் புகை அன்றைக்குப் பறக்கும் கொசுவைக் கொல்லும். வயலில் மிதக்கும் கூத்தாடிப் புழுவை அது தொடவே தொடாது. மறுநாள் புதிய கூட்டம் வந்து நிற்கும்.

இனிக் கொக்கு. வைரஸ் இயற்கையில் தங்கியிருப்பது கொக்கு, நாரை, மடையான் இனப் பறவைகளிடம்தான். அது உண்மை. அவற்றுக்கு நோய் வருவதில்லை, ரத்தத்தில் வைரஸ் மட்டும் சில நாள் ஓடும். அந்த நாட்களில் கடிக்கும் கொசு அதை எடுத்துக்கொள்ளும். ஆனால் ஊருக்குள் அதைப் பெருக்கிக் கொடுப்பது பன்றி. மனிதர் பக்கத்திலேயே இருக்கிறது, கொசுவுக்கு எளிதில் கிடைக்கிறது, ரத்தத்தில் வைரஸ் ஏராளமாக ஏறுகிறது. ஒருமுறை வந்த பன்றிக்கு மறுபடி வராது. ஆனால் வருடம் தவறாமல் புதிய குட்டிகள் வந்துகொண்டே இருக்குமே. மாடு இதற்கு நேர்மாறு. எத்தனை கொசு கடித்தாலும் மாட்டின் உடம்பில் வைரஸ் பெருகாது. அதற்காக நிம்மதி அடையவும் வேண்டாம். வீட்டை ஒட்டித் தொழுவம் இருந்தால் கொசுவை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததாகிவிடும்.

செவல்பேத்தி அம்மா, ஊரில் அவிழ்த்துவிட்ட பன்றிகள் இருக்கின்றனவா? அதை யாராவது பேசினார்களா?

நெல்லைச்சீமை:
அண்ணாச்சி சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூலம் பறவை என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே. மூலத்தை வெட்டினால் கிளை தானே காயாதா?

கூந்தன்குளத்தான்:
காயாது தம்பி. என் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் நான் எந்தப் பக்கம் பேசுவேன் என்று தெரிந்திருக்கும். இருந்தாலும் கேளுங்கள். எங்கள் ஊரில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வீட்டு முற்றத்து மரத்திலேயே கூடு கட்டுகின்றன. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சுகிறோம், கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்க்கிறோம். அதெல்லாம் எங்கள் பெருமை, அதை விடுங்கள். கணக்கை மட்டும் பாருங்கள். இன்று வெடி போட்டால் இந்த மரத்துக் கொக்கு நாளை பக்கத்து ஊர்ப் புளியமரத்தில் அடையும். பகலில் இரை தேட வருவது அதே வயலுக்குத்தான். தண்ணீரும் புழுவும் நண்டும் தவளையும் அங்கேதானே இருக்கின்றன? மரத்தை வெட்டிய பிறகும் கொக்கு வரும், கொசு இருக்கும், பன்றி இருக்கும். நிழல் மட்டும் போய்விடும்.

சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடியில் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கே வெடி வெடிக்காத ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். நாம் கார்த்திகையில் வெடி வாங்கப் போகிறோம். கூட்டில் குஞ்சு இருக்கும்போது கலைத்தால் வனத்துறை வழக்கும் வரும், 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

புலியறை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 2024 மே மாதம் கேரளத்தில் கோழிக்கோடு, மலப்புரம், திருச்சூர் பக்கம் வந்ததாகச் சொன்னது இதே நோயா? கேரள எல்லையில் உள்ள எங்கள் சோதனைச் சாவடி வழியாகத்தான் தினமும் அத்தனை வண்டியும் போகிறது. மூளையைத் தின்னும் அமீபா என்றும் ஒன்று சொல்கிறார்கள். எல்லாம் குழப்பமாக இருக்கிறது.

வெள்ளைக்கோட்டு:
மூன்றும் வேறு வேறு. 2024-இல் அங்கே வந்தது வெஸ்ட் நைல் காய்ச்சல். 1937-இல் உகாண்டாவில் முதலில் கண்டறிந்த வைரஸ். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு நெருங்கிய உறவு, கொசுவும் கியூலெக்ஸ் குடும்பம்தான். அதிலும் பறவைதான் இருப்பிடம், மனிதன் முட்டுச்சந்து. பத்தில் எட்டுப் பேருக்கு எந்த அறிகுறியும் தெரியாது, மூளை வரைக்கும் போவது மிக அரிது. ஆனால் மனிதருக்கு அதற்குத் தடுப்பூசி கிடையாது. அமீபா வருவது மூக்கில் ஏறும் தண்ணீர் வழியாக, கொசுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வைரஸ்கள் உறவுக்காரர்கள் என்பதால் ரத்தப் பரிசோதனையில் ஒன்று மற்றொன்றாகத் தெரிவதும் உண்டு. டெங்குவும் இதே குடும்பம்தான். அதனால்தான் முதுகுத்தண்டு நீரில் பார்க்கிறோம். வரிசையில் நிற்கும் வண்டியைக் கண்டு பயப்பட வேண்டாம். வண்டியில் வரும் நோயாளியால் இது பரவாது.

பிசானத்தான்:
எல்லோரும் பேசி முடித்துக் கடைசியில் விவசாயி தலையில் கொண்டுவந்து வைத்தாயிற்று. வயல்தான் கொசுவுக்கு வீடு என்றால் நாங்கள் என்ன செய்வது, நெல் போடாமல் இருப்பதா? கார் பருவ நெல்லுக்கு ஜூன் மாதம் பாபநாசத்தில் தண்ணீர் திறந்தால்தான் எங்களுக்கு மூச்சே வருகிறது. அடுத்து வரும் பிசானப் பருவத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழை. அந்தத் தண்ணீரை நம்பித்தான் தாத்தா காலத்திலிருந்து சோறு. அப்போது வராத மூளைக்காய்ச்சல் இப்போது எங்கிருந்து வந்தது?

கூத்தாடிப்புழு:
அப்போதும் வந்தது அண்ணாச்சி, பெயர்தான் தெரியவில்லை. ஜப்பானில் 1924-இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வந்த பிறகுதான் உலகமே இதைத் திரும்பிப் பார்த்தது. 1935-இல் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். ஜப்பானியம் என்ற பெயர் அப்படி வந்தது. நம் நாட்டில் நோயாளியிடம் முதலில் அடையாளம் கண்டது 1955-இல், அதுவும் நம் வேலூரில்தான். 1973-இல் வங்காளத்தில் பாங்குரா, பர்துவான் பக்கம் பெரிய அளவில் வந்தது. 2005-இல் கோரக்பூரில் ஆயிரத்துக்கும் மேலான சாவு. தாத்தா காலத்தில் இதைப் பேய் அறைந்தது என்றும் ஜன்னி கண்டது என்றும் சொல்லிப் புதைத்திருப்பார்கள்.

நெல் போடாதே என்று யார் சொன்னது? நடவு முடிந்த முதல் சில வாரங்களைப் பாருங்கள். பயிர் இன்னும் தூர் கட்டவில்லை, தண்ணீர் வெயில் பட்டுத் திறந்து கிடக்கிறது, யூரியாவும் போடுகிறீர்கள். ஒரு வெள்ளைக் கரண்டியால் மொண்டு பாருங்கள், தலைகீழாகத் தொங்கும் புழு நெளிவது தெரியும். பயிர் வளர்ந்து நிழல் மூடிவிட்டால் எண்ணிக்கை தானாகக் குறைந்துவிடும். அந்த முதல் மாதத்தில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் வைத்தால் போதும். மயிரிழை வெடிப்பு விடும் வரை காயவிட்டுப் பிறகு பாய்ச்சுவது. திருந்திய நெல் சாகுபடியில் வேளாண் அதிகாரிகள் சொல்லிக்கொடுப்பதும் இதேதான். இங்கே வெயிலில் முட்டை கொசுவாக ஏறக்குறைய பத்து நாள் ஆகும். நடுவில் வயல் காய்ந்துவிட்டால் புழு கருவாடுதான். மதுரையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மையத்தில் இதையும், யூரியாவோடு வேப்பம் புண்ணாக்கு கலந்து போடுவதையும் வயலிலேயே செய்து பார்த்தார்கள். புழு நன்றாகக் குறைந்தது. இப்போது கடையில் கிடைக்கும் வேம்பு பூசிய யூரியாவை இதோடு குழப்ப வேண்டாம், அதில் எண்ணெய் மிகச் சொற்பம்.

பிசானத்தான்:
காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் மடையில் வந்து பாருங்கள். மேல் வயலிலிருந்து கீழ் வயலுக்குத் தண்ணீர் வழிந்து போகிற அமைப்பு. நான் காயவிட்டால் மேல் வயல்காரன் திறந்த தண்ணீர் என் வரப்பை உடைத்துக்கொண்டு வரும். இன்றைக்கு முறை வந்து விட்டுவிட்டால் அடுத்த முறை எப்போது என்று தெரியாது. அதனால் வந்ததைக் கட்டி வைக்கிறோம். கால்வாய்க் கடைசியில் இருப்பவனிடம் காயவிடு என்று சொன்னால் அடிக்க வருவான்.

கூத்தாடிப்புழு:
அது உண்மையான தடை. ஒருவர் மட்டும் காயவிட்டுப் பயன் இல்லை, ஒரு மடைக்குக் கீழ் உள்ள எல்லோரும் ஒரே வாரத்தில் காயவிட வேண்டும். அதற்கு ஆள் கூட்டிப் பேசுவது கொசு பிடிப்பதைவிடக் கடினம். பல ஊர்களில் பார்த்துவிட்டேன்.

செங்குளம் பண்ணை:
நான் வெண்பன்றி வளர்க்கிறேன். இந்த இழையைப் படிக்கப் படிக்க அடுத்து என் தலைதான் உருளப்போகிறது என்று தோன்றியது. ஆகவே நானே வந்துவிட்டேன்.

என் பண்ணை ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது. தரை சிமெண்ட், சுற்றி வலை, மாலையில் திரை இறக்கிவிடுவேன். சினைப்பன்றிக்கு இந்த வைரஸ் வந்தால் குட்டி செத்துப் பிறக்கும், அதனால் எனக்கும் நஷ்டம்தான். சாக்கடையில் அவிழ்த்துவிட்டு வளர்ப்பதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் அப்படி வளர்ப்பவர்கள் யார் என்பதையும் சொல்லுங்கள். ஊர்க்கோடியில் இரண்டு பன்றியை நம்பிப் பிள்ளையின் பள்ளிச் செலவைப் பார்க்கிறவர்கள். ஊரின் கோபம் எப்போதும் இளைத்தவன் வாசலில்தான் போய் இறங்கும். லாரியில் பிடித்துக்கொண்டு போவது ஒரு நாள் வேலை, அடுத்த மாதம் வேறு குட்டி வந்துவிடும். குடியிருப்பிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கொட்டகை போடப் புறம்போக்கில் இடம் கொடுத்தால் அவர்களே போய்விடுவார்கள். பஞ்சாயத்தில் இதை ஒருவரும் கேட்பதில்லை.

செவல்பேத்தி:
பண்ணைக்கார அண்ணாச்சி சொன்னது எங்கள் ஊருக்கு அப்படியே பொருந்துகிறது. வாய்க்கால் கடைசியில் நாலைந்து வீடுகளில் வளர்க்கிறார்கள், இரவில் அவை வயல் வரப்பிலேயே கிடக்கும். ஊர்க் குழுவில் அதைப் பேசினால் சாதிச் சண்டையாகிவிடும் என்று கொக்கைப் பிடித்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

பையன் இன்று கண் திறந்து பார்க்கிறான். முகத்தில் ஓர் அசைவும் இல்லை, வலது கை நடுங்குகிறது. முதுகில் நீர் எடுத்ததால்தான் இப்படி ஆகிவிட்டது, கால் விழுந்துவிடும் என்று அம்மா அழுகிறார்கள். டாக்டர், இதற்கு மருந்து ஏதும் இல்லையா?

வெள்ளைக்கோட்டு:
அம்மாவிடம் சொல்லுங்கள். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்கும் கீழே, இடுப்பு எலும்புக்கு நேராக, முதுகெலும்பின் இரண்டு கணுக்களுக்கு நடுவில். அங்கே நரம்பு இழைகள் நீரில் மிதக்கின்றன, ஊசி வந்தால் விலகிக்கொள்ளும். குழந்தையைப் பக்கவாட்டில் சுருட்டிப் படுக்கவைத்துப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தால் யாருக்கும் மனம் பதறும். ஆனால் அதனால் கால் விழுவதில்லை.

நடுக்கமும் அசைவற்ற முகமும் இந்த நோயின் குணம். மூளையின் ஆழத்தில் தலாமஸ் என்ற பகுதியை இது பிடிக்கும். வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை. வலிப்பை நிறுத்துவது, மூளை வீக்கத்தைக் குறைப்பது, மூச்சைப் பார்த்துக்கொள்வது என்று தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. தொற்று ஏற்படுபவர்களில் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் முற்றுகிறது. முற்றியவர்களில் 100-க்கு 30 பேர் வரை இறந்துபோகிறார்கள். பிழைத்தவர்களிலும் 100-க்கு 20 முதல் 30 பேருக்குப் பேச்சிலோ கையிலோ படிப்பிலோ குறை தங்கிவிடுகிறது. கண் திறந்தது நல்ல செய்தி. இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கு வந்த பிறகும் விட்டுவிடாதீர்கள், மாதக்கணக்கில் முன்னேற்றம் தெரியும்.

மற்றவர்களுக்கும் ஒன்று. கடித்து 4 முதல் 14 நாளில் காய்ச்சல் வரும். காய்ச்சலோடு வலிப்போ, உளறலோ, தூக்கி நிறுத்த முடியாத மயக்கமோ வந்தால் உள்ளூரில் ஊசி போட்டுப் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த அறிகுறிகளோடு வருவதெல்லாம் இந்த நோய் என்றும் முடிவு கட்ட வேண்டாம். உண்ணிக் காய்ச்சலும் இப்படியே வரும். அதற்கு விலை மலிவான மாத்திரை இருக்கிறது, நேரத்தில் கொடுத்தால் பிழைத்துக்கொள்வார்கள். அக்குள், இடுப்பு மடிப்பு, காதின் பின்புறம் எங்காவது பீடி சுட்டது போலக் கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். வலிக்காது, அரிக்காது, அதனால் குழந்தை சொல்லாது.

நெல்லைச்சீமை:
இதற்குத் தடுப்பூசி இருக்கிறது என்கிறார்களே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

வெள்ளைக்கோட்டு:
வந்துகொண்டிருந்தேன். கோரக்பூருக்குப் பிறகு 2006-இல் நம் நாட்டில் தொடங்கினார்கள், சீனாவில் உருவான ஊசி. 2013-இல் பாரத் பயோடெக்கின் ஜென்வாக் வந்தது. கோலாரில் பிரித்தெடுத்த வைரஸிலிருந்து செய்தது. அரசு அட்டவணையில் 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. ஆனால் நாடு முழுவதும் இல்லை, நோய் காணும் மாவட்டங்களில்தான். ஆகவே ஊர் மாறி வளர்ந்த குழந்தைகள் தவறிவிடுகிறார்கள். தாய்சேய் அட்டையை எடுத்துக்கொண்டு கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். அரசில் இல்லையென்றால் தனியாரிடம் கிடைக்கும். இந்த நோயைப் பொறுத்தவரை மற்ற எல்லா ஏற்பாட்டையும் சேர்த்தாலும் இந்த ஊசிக்கு ஈடாகாது.

செவல்பேத்தி:
அண்ணன் வேலைக்காகத் திருப்பூரிலும் கேரளத்திலும் மாறி மாறி இருந்தான். பையனின் அட்டையை மதினி எடுத்து அனுப்பினாள், அந்த இரண்டு கட்டமும் காலி. அவன் தங்கைக்கும் காலி. நாளை நர்ஸ் அம்மா வருகிறார்கள். தங்கைக்கு ஐந்து வயது, இப்போது போடலாமா?

வெள்ளைக்கோட்டு:
போடலாம். முகாம் நடக்கும் இடங்களில் 15 வயது வரை போடுகிறார்கள். காய்ச்சல் இல்லாத நாளாகப் பார்த்துப் போடுங்கள். அதுவரை மாலையில் முழுக்கை சட்டை, இரவில் கொசுவலை.

கூந்தன்குளத்தான்:
மரம் என்ன ஆயிற்று அம்மா?

செவல்பேத்தி:
இந்த இழையை அப்படியே ஊர்க் குழுவில் போட்டேன். வெடி பேச்சு அடங்கிவிட்டது. பன்றிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, புறம்போக்கு எங்கே இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கிறேன் என்றார். கேட்பாரா என்று தெரியாது.

பிசானத்தான்:
தாயி, உங்கள் அண்ணன் வயலும் எங்கள் மடைக்குக் கீழ்தான் என்று நினைக்கிறேன். பாசனதாரர் கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை. முதல் மாதம் மட்டும் முறை வைத்துக் காயவிடலாமா என்று நான் எழுந்து கேட்கிறேன். கடைமடைக்காரர்கள் கத்துவார்கள். பூச்சிக்கார அண்ணாச்சி, அந்தக் கரண்டியையும் கொஞ்சம் கூத்தாடிப் புழுவையும் ஒரு பாட்டிலில் கொண்டு வந்தீர்களானால் பேச்சு சுருக்கமாக முடியும்.

கூத்தாடிப்புழு:
வருகிறேன். பாட்டில் வேண்டாம், கூட்டம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்து வயலிலேயே மொண்டு காட்டுகிறேன். மேல்மடைக்காரர்களை முதலில் உட்கார வையுங்கள். அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் கடைமடையிடம் பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை.